‘சார்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னேற்றம், பாய்ச்சல் எனத் தொடர்பில்லாத பல பொருள்கள் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன? இவை தனித்தனிச் சொற்களா?

தனித்தனிச் சொற்கள் அல்ல, ஒரே சொல்தான். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘வண்டியில் ஏற்றுதல்’ என்னும் பொருளில் ஒரு வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் ‘சார்ஜே’ என்று திரிந்து, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்தது. கார், கேரி, கேரியேஜ், ஸ்பானிய மொழி வழியாக வந்த கார்கோ ஆகியவை இதற்கு உறவான சொற்கள். இத்தாலிய மொழி வழியாக வந்த கேரிகேச்சரும் இந்தக் குடும்பம்தான். ஒரு முகத்தின் மீது மிகையை ஏற்றி வரைவதால் அந்தப் பெயர்.

ஆக, சொல்லின் அடியில் இருப்பது சுமை. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பெரிய முயற்சி தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. ஒருவர் மீது குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், பொறுப்பை ஏற்கிறோம், மின்கலத்தில் மின்னேற்றம் செய்கிறோம். சுமத்துதல், ஏற்றுதல், ஏற்றல் என்னும் நம் வினைகளை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சார்ஜ்’ வரும் வாக்கியத்தைப் படித்தால், அங்கே எது சுமை, யார் மீது அது ஏற்றப்படுகிறது என்று கேட்டுப் பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். அகராதியில் இருபதுக்கு மேற்பட்ட பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட இது பயனுள்ள வழி.

கட்டணம் என்னும் பொருளில் வரும்போது ‘ஃபீ’, ‘ஃபேர்’, ‘பிரைஸ்’ ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

‘பிரைஸ்’ என்பது பொருளின் விலை. ‘ஃபேர்’ என்பது பயணத்திற்குச் செலுத்தும் தொகை. ‘ஃபீ’ என்பது மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் தொழில்முறைச் சேவைக்கோ, சேர்க்கை, தேர்வு, உறுப்பினர் உரிமை போன்றவற்றுக்கோ கொடுப்பது. ‘சார்ஜ்’ பெரும்பாலும் ஒரு சேவைக்காக, அல்லது ஏற்கெனவே இருக்கும் தொகையின் மேல் கூடுதலாக, விதிக்கப்படும் தொகை. கொண்டுவந்து தருவதற்கு டெலிவரி சார்ஜ், உணவகத்தில் சர்வீஸ் சார்ஜ் என்று சொல்வது இதனால்தான். பெயர்ச்சொல்லாக இந்த எல்லைகள் ஓரளவு தெளிவானவை. வினைச்சொல்லாக வரும்போது எல்லை மறைந்துவிடுகிறது: மருத்துவர் வாங்குவது ஃபீ என்றாலும், ‘ஹவ் மச் டஸ் தி டாக்டர் சார்ஜ்?’ என்றுதான் கேட்க வேண்டும். இங்கே ‘ஃபீ’யை வினையாக்க முடியாது.

இலக்கணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வினை இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும். ‘தே சார்ஜ்டு மீ டென் டாலர்ஸ் ஃபார் டெலிவரி’ என்ற வாக்கியத்தில் பணம் கொடுத்தவரும் தொகையும் எந்த முன்னிடைச்சொல்லும் இல்லாமல் அடுத்தடுத்து வருகின்றன. எதற்காக என்பதற்கு மட்டுமே ‘ஃபார்’ தேவை. ‘என்னிடம்’ என்னும் தமிழ் வேற்றுமையை மனத்தில் வைத்து ‘சார்ஜ்டு ஃப்ரம் மீ’ என்று எழுதுவது நம்மவரிடம் பரவலாகக் காணப்படும் பிழை.

‘சார்ஜ் இட் டு மை அக்கவுன்ட்’ என்பது வேறு பொருள். அங்கே பணம் உடனே கைமாறுவதில்லை. கணக்கில் பற்று எழுதப்படுகிறது. சார்ஜ் கார்டு என்னும் பெயரும் இதிலிருந்து வந்ததே. கிரெடிட் கார்டில் பாக்கியை வட்டியுடன் அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம். வழக்கமான சார்ஜ் கார்டில் மாதக் கணக்கை முழுமையாகத் தீர்த்தாக வேண்டும்.

‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ சரியா, ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜஸ்’ சரியா?

‘இலவசமாக’ என்று சொல்ல ஒருமையே வழக்கு: ஃப்ரீ ஆஃப் சார்ஜ், அட் நோ சார்ஜ், வித்அவுட் சார்ஜ். பன்மையில் எழுதினால் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டவர் என்னும் பொருளும் தோன்றக்கூடும்.

ஒருவர் ‘சார்ஜ்டு’ என்று செய்தியில் வந்தால் அவர் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் ஒரு மனிதரின் நற்பெயரே அழியக்கூடும் என்பதால், மொழிபெயர்ப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

‘அரெஸ்டடு’ என்றால் கைது செய்யப்பட்டவர். அவர் மீது எந்தக் குற்றமும் இன்னும் முறைப்படி சாட்டப்படாமல் இருக்கலாம். ‘அக்யூஸ்டு’ என்பது பொதுச்சொல். அண்டைவீட்டுக்காரர்கூட ஒருவரைத் திருடன் என்று ‘அக்யூஸ்’ செய்யலாம், அதற்குச் சட்ட நடைமுறை ஏதும் வேண்டியதில்லை. (நீதிமன்றத்தில் ‘தி அக்யூஸ்டு’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் அது வழக்கை எதிர்கொள்பவரைக் குறிக்கும்.) ‘சார்ஜ்டு’ என்றால் அதிகாரம் பெற்ற அமைப்பு முறைப்படி குற்றம் சுமத்தியிருக்கிறது என்று பொருள். ‘கன்விக்டடு’ என்றால்தான் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்மானித்திருக்கிறது. தமிழில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பதும் ‘குற்றவாளி’ என்பதும் இரண்டு வேறு நிலைகள். ‘சார்ஜ்டு’ வரும் இடத்தில் ‘குற்றவாளி’ என்று எழுதுவது சோம்பல் மட்டுமன்று, அநீதியும்கூட.

முன்னிடைச்சொல்லிலும் வேறுபாடு உண்டு. ‘அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட்’, ‘கன்விக்டடு ஆஃப் தெஃப்ட்’; ஆனால் ‘சார்ஜ்டு வித் தெஃப்ட்’. இந்த ‘வித்’தை நினைவில் வைக்க வேரைப் பார்த்தால் போதும்: சுமை ஏற்றும் வினைக்கு, எதனால் ஏற்றினோம் என்று சொல்ல ‘வித்’ வருகிறது, ‘லோடடு வித்’ என்பதைப் போல.

‘தி கமிட்டி இஸ் சார்ஜ்டு வித் ரிவ்யூயிங் தி ரூல்ஸ்’ என்று ஓர் அறிக்கையில் இருந்தது. குழு மீது என்ன குற்றச்சாட்டு?

எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. விதிகளை மறுஆய்வு செய்யும் பணி அந்தக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருள். குற்றத்தைச் சுமத்துவதற்கும் கடமையைச் சுமத்துவதற்கும் ஆங்கிலம் ஒரே அமைப்பைப் பயன்படுத்துவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. ‘வித்’துக்கு அடுத்து வருவது குற்றத்தின் பெயரா, செய்ய வேண்டிய வேலையா என்று பார்த்தால் ஐயம் தீரும். கொலை, மோசடி, திருட்டு என்று வந்தால் குற்றச்சாட்டு. மறுஆய்வு, பராமரிப்பு, செயல்படுத்தல் என்று வந்தால் கடமை. இரண்டாவதில் வினை பெரும்பாலும் ‘-இங்’ ஈற்றுடன் வரும். ‘சார்ஜ்டு வித் கில்லிங்’ என்று குற்றமும் அதே ஈற்றுடன் வரக்கூடும் என்பதால் ஈற்றை மட்டும் நம்பக் கூடாது.

நீதிபதி ‘சார்ஜ்டு தி ஜூரி’ என்று வந்தாலும் அங்கே குற்றமில்லை. ஜூரி முறை உள்ள நீதிமன்றங்களில், தீர்மானத்திற்காக ஜூரியினர் கலந்து பேசச் செல்லும் முன், வழக்குக்குப் பொருந்தும் சட்டத்தை நீதிபதி அவர்களுக்கு எடுத்துரைத்து அறிவுறுத்துவதை அது குறிக்கிறது.

‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே ஒரு ‘தி’ பொருளைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு’ என்றால் செவிலியர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். ‘தி சைல்டு இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. நிலைமை ஒன்றுதான்; எழுவாய் மாறியிருக்கிறது. ‘தி’ இல்லாவிட்டால் எழுவாய் பொறுப்பாளர், ‘தி’ இருந்தால் எழுவாய் பொறுப்பில் விடப்பட்டவர். இரண்டாவது வாக்கியத்தில் ‘தி’யை விட்டுவிட்டால் குழந்தை செவிலியரைப் பார்த்துக்கொள்வதாக ஆகிவிடும்.

‘தி’ வைக்கும் இடத்தில் உரிமைச்சொல்லும் வரலாம்: ‘தி சைல்டு இஸ் இன் ஹர் சார்ஜ்’. புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்த வடிவத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இதில் தவறு செய்வது கடினம்.

இதன் நீட்சியாக, பராமரிப்பில் இருக்கும் ஆளையே ‘சார்ஜ்’ என்பதும் உண்டு. குழந்தைகளைக் கவனிப்பவரைப் பற்றி ‘ஷி டுக் ஹர் யங் சார்ஜஸ் டு தி பார்க்’ என்று எழுதினால், தன் பொறுப்பில் இருந்த பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார் என்று பொருள். இது சற்றுப் பழைய, எழுத்துநடை சார்ந்த வழக்கு.

‘அவர்தான் இங்கே இன்சார்ஜ்’ என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் தி இன்சார்ஜ்’ என்று எழுதலாமா?

இந்திய ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல்லாகவே வேரூன்றிவிட்டது. அலுவலகப் பலகைகளிலும் கடிதங்களிலும் இடம்பெறுகிறது. உள்நாட்டுக் கடிதப் போக்குவரத்தில் இதைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பிற நாட்டினர் படிக்கும் எழுத்தில் ‘தி பெர்சன் இன் சார்ஜ்’ என்றோ ‘ஹி இஸ் இன் சார்ஜ்’ என்றோ எழுதுவதே நல்லது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘இன்சார்ஜ்’ என்னும் ஒற்றைப் பெயர்ச்சொல் கிடையாது.

‘அஸ்யூம்டு சார்ஜ்’, ‘ஹேண்டட் ஓவர் சார்ஜ்’, ‘அடிஷனல் சார்ஜ்’ ஆகியவையும் அரசு அலுவலக ஆங்கிலத்தின் செல்வாக்கால் நம்மிடையே நிலைத்தவை. பொறுப்பேற்றார், பொறுப்பை ஒப்படைத்தார், கூடுதல் பொறுப்பு என்று தமிழில் இவற்றுக்குக் குறையில்லாத சொற்கள் உள்ளன. ‘அடிஷனல் சார்ஜ்’ என்பதை விலைப்பட்டியலில் பார்த்தால் கூடுதல் கட்டணம், பணிமாற்ற ஆணையில் பார்த்தால் கூடுதல் பொறுப்பு. மொழிபெயர்ப்பவர் தாளின் தலைப்பைப் பார்த்த பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? ‘மை போன் இஸ் இன் சார்ஜ்’ சரியா?

‘மை போன் இஸ் இன் சார்ஜ்’ என்றால் உங்கள் போன் பொறுப்பதிகாரியாக இருக்கிறது என்று பொருள்படும். ‘மை போன் இஸ் சார்ஜிங்’ என்பது எங்கும் சரி. பிரிட்டனில் ‘ஆன் சார்ஜ்’ என்றும் சொல்வார்கள். இங்கே ‘சார்ஜ்’ தன்வினையாகவும் பிறவினையாகவும் ஒருங்கே செயல்படுகிறது: நான் போனை சார்ஜ் செய்கிறேன், போன் சார்ஜ் ஆகிறது என்று தமிழில் துணைவினையை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் எழுவாயை மாற்றியே காட்டிவிடுகிறது. ‘இஸ் சார்ஜிங்’, ‘இஸ் பீயிங் சார்ஜ்டு’ இரண்டும் செல்லும்.

பேச்சு நேரத்திற்கோ இணையத்திற்கோ பணம் கட்டுவதை நாம் ரீசார்ஜ் என்கிறோம்; பிரிட்டனில் அதற்கு ‘டாப் அப்’ என்பதே வழக்கு.

இயற்பியலில் வரும் ‘எலெக்ட்ரிக் சார்ஜ்’ என்பதும் பேட்டரியில் ஏற்றும் சார்ஜும் ஒன்றா?

வரலாற்றில் ஒன்று, பொருளில் வேறு. 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்சாரத்தை ஒரு நுண்ணிய பாய்மமாகக் கருதினார். ஒரு பொருளில் அது இயல்பைவிட மிகுந்தால் நேர், குறைந்தால் எதிர் என்று அவர் வகுத்தார். ஜாடியில் அதை ஏற்றிச் சேமிக்கிறோம் என்று எண்ணிய காலத்தில், துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதற்கு ஏற்கெனவே வழங்கிய ‘சார்ஜ்’ என்னும் சொல் மின்சாரத்திற்கும் இயல்பாகப் பொருந்தியது. பாய்மக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது, சொல் நிலைத்துவிட்டது.

இன்றைய இயற்பியலில் ‘சார்ஜ்’ என்பது எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களுக்கு உள்ள அடிப்படைப் பண்பு. தமிழில் மின்னூட்டம் என்கிறோம். இதன் அலகு கூலும். 1785இல் மின்விசை விதியை வெளியிட்ட சார்லஸ் அகஸ்டின் டி கூலும் நினைவாக அந்தப் பெயர். ஒரு புரோட்டானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்பது 2019 முதல் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுள்ளது. எலெக்ட்ரானுக்கு அதே அளவு, எதிர்க்குறியுடன்.

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்தால் அதனுள் மின்னூட்டம் கூடியிருக்கும் என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு முனையில் நுழையும் அளவு எலெக்ட்ரான்கள் மறுமுனையில் வெளியேறுவதால், காலியான பேட்டரியிலும் நிறைந்த பேட்டரியிலும் மொத்த மின்னூட்டம் ஏறத்தாழ சுழியே. கூடியிருப்பது வேதிவடிவில் சேமிக்கப்பட்ட ஆற்றல். ஆகவே ‘சார்ஜ்’ என்பதற்கு மின்னூட்டம் என்றும், ‘சார்ஜிங்’ என்பதற்கு மின்னேற்றம் என்றும் தமிழில் பிரித்து எழுதுவது பயனுள்ளது. பேட்டரியின் மேல் அச்சிடும் மில்லிஆம்பியர்-மணி என்னும் அலகு மட்டும் இரண்டையும் இணைக்கிறது: அது சுற்றின் வழியாகச் செலுத்த இயலும் மின்னூட்டத்தின் அளவு. ஒரு மில்லிஆம்பியர்-மணி 3.6 கூலும், 5000 என்று போட்டிருந்தால் 18,000 கூலும்.

யானை ‘சார்ஜ்டு’, குதிரைப்படை ‘சார்ஜ்டு’ என்பதில் சுமை எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி, வேரிலிருந்து மிகத் தொலைவு வந்துவிட்ட பொருள் இது. ஈட்டி போன்ற ஆயுதத்தைத் தாக்குதலுக்குரிய நிலையில் இருத்துவதற்கும் ‘சார்ஜ்’ என்ற வழக்கு இருந்தது. துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் ‘சார்ஜ் பயனெட்ஸ்’ என்னும் படைக்கட்டளையில் அது எஞ்சியிருக்கிறது. ஆயுதத்தை நீட்டியபடி பாய்வதே பின்னர் ‘சார்ஜ்’ ஆயிற்று என்று சொல்லப்படுகிறது. 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியப் போரின் பாலக்லாவாச் சண்டையில், பிரிட்டனின் இலகு குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து பேரிழப்பைச் சந்தித்த நிகழ்வு இன்றும் இந்தச் சொல்லாலேயே குறிக்கப்படுகிறது.

‘அட்டாக்’ என்பது எந்தத் தாக்குதலையும் குறிக்கும். மறைந்திருந்து தாக்குவதும் அதில் அடங்கும். ‘சார்ஜ்’ என்றால் நேராக, வேகமாக, எதிரில் இருப்பவர் காணும்படி பாய்ந்து வருதல். யானை சில சமயம் அருகில் வரை பாய்ந்து வந்து தாக்காமலே நின்றுவிடும். அதை ‘மாக் சார்ஜ்’ என்கிறார்கள். பாய்ச்சல் நடந்தது, தாக்குதல் நடக்கவில்லை. ‘லத்தி சார்ஜ்’ இதே பொருளின் இந்தியக் கிளை; தமிழில் ‘தடியடி’ என்பது சுருக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கிறது.

‘சார்ஜர்’ என்றால் மின்னேற்றும் கருவி மட்டும்தானா?

அல்ல. போர்க்களத்தில் படைவீரர் ஏறிச்சென்ற குதிரைக்கும் அதுவே பெயர். பெரிய பரிமாறும் தட்டுக்கும் ‘சார்ஜர்’ என்று பெயர்; 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் திருமுழுக்கு யோவானின் தலை ‘சார்ஜரில்’ கொண்டுவரப்பட்டதாக வருவது இந்தத் தட்டைத்தான்.

‘எமோஷனலி சார்ஜ்டு’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உணர்ச்சி மிகுந்த, உணர்ச்சிக் கொந்தளிப்பான என்று இடத்திற்கேற்பச் சொல்லலாம். ‘எ சார்ஜ்டு சைலன்ஸ்’ என்றால் எந்த நொடியும் உடையலாம் என்னும்படியான இறுகிய மௌனம். ‘உணர்ச்சியால் மின்னூட்டப்பட்ட’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது தமிழாகாது.

சொத்து ஆவணத்தில் ‘சார்ஜ்’ என்று இருந்தால் கட்டணமா?

கடனுக்கு ஈடாக அந்தச் சொத்தின் மீது இன்னொருவருக்கு உள்ள உரிமை. வில்லங்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இதுவும் ஒரு வகை; சொத்தின் மீது ஏறியிருக்கும் சுமை என்று கொண்டால் சொல்லின் வேர் தெளிவாகத் தெரியும். நிறுவனச் சட்டத்தில் ‘ஃபிக்சட் சார்ஜ்’ என்பது குறிப்பிட்ட கட்டடம், இயந்திரம் போன்றவற்றின் மீது நிலையாக இருப்பது. ‘ஃப்ளோட்டிங் சார்ஜ்’ என்பது சரக்கிருப்பு போல் நாளுக்கு நாள் மாறும் சொத்துகளின் மீது பொதுவாகப் படர்ந்திருந்து, கடன் தவறும்போதோ நிறுவனம் கலைக்கப்படும்போதோ அப்போது இருக்கும் சொத்தின் மீது நிலைகொள்வது. ஆவணத்தில் இச்சொல்லைக் கண்டால் பொருளை ஊகிக்காமல் வழக்கறிஞரிடம் காட்டுவதே முறை.

‘டிஸ்சார்ஜ்’ என்பது ‘சார்ஜ்’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல்லா?

பெரும்பாலும் ஆம். ஏற்றிய சுமையை இறக்குவது ‘டிஸ்சார்ஜ்’. மருத்துவமனை தன் பொறுப்பில் இருந்தவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்புவது டிஸ்சார்ஜ். பொறுப்பு என்னும் பொருளுக்கு இது எதிர். கடனைத் தீர்ப்பது, பேட்டரி மின்னிறக்கம் அடைவது, ஏற்றிய துப்பாக்கியைச் சுடுவது, கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது ஆகியவை அந்தந்தப் பொருளுக்கு எதிர். நீதிமன்றம் ஒருவரை ‘டிஸ்சார்ஜ்’ செய்வது மட்டும் தனிக்கவனம் கோருவது: இந்திய நடைமுறையில் விசாரணை தொடங்கும் முன்பே போதிய அடிப்படை இல்லை என்று வழக்கிலிருந்து விடுவிப்பது டிஸ்சார்ஜ், விசாரணைக்குப் பின் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிப்பது ‘அக்விட்டல்’. முன்னதை விடுவிப்பு என்றும் பின்னதை விடுதலை என்றும் சொல்லலாம்.

ஒரே ஓர் இடத்தில் இது வாசகரைக் கவிழ்த்துவிடும். ‘ஹி டிஸ்சார்ஜ்டு ஹிஸ் டியூட்டீஸ்’ என்பதைக் கடமையிலிருந்து விலகினார் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். கடமையை நிறைவேற்றினார் என்பதே பொருள். சுமந்த கடமையைச் செய்து முடித்து இறக்கி வைத்தார் என்று எண்ணிப் பார்த்தால் ஆங்கிலத்தின் போக்கு விளங்கும். ‘ஹி வாஸ் டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹிஸ் டியூட்டீஸ்’ என்று செயப்பாட்டில் வந்தால்தான் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று பொருள்.

ஆற்றைப் பற்றிய அறிக்கையில் ‘டிஸ்சார்ஜ்’ என்றால் நீரோட்ட அளவு, அதாவது ஒரு நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கணக்கிடப்படும் ஓட்டம். மருத்துவக் குறிப்பில் ‘டிஸ்சார்ஜ்’ என்றால் புண்ணிலிருந்தோ காதிலிருந்தோ வடியும் நீர் அல்லது சீழ். ‘இயர் டிஸ்சார்ஜ்’ என்பதைப் பார்த்து யாரோ வீட்டுக்கு அனுப்பப்பட்டதாக எண்ண வேண்டாம்.

‘ஓவர்சார்ஜ்’, ‘சர்சார்ஜ்’ வேறுபாடு என்ன?

‘ஓவர்சார்ஜ்’ முறையற்றது: உரியதைவிட அதிகமாக வாங்குவது. பேட்டரிக்கும் இதே சொல்தான், அளவுக்கு மீறி மின்னேற்றுவது. ‘சர்சார்ஜ்’ முறையானது: அறிவித்து விதிக்கும் மேல்கட்டணம் அல்லது கூடுதல் வரி.

தூதரகச் செய்திகளில் வரும் ‘சார்ஜே தஃபேர்’ யார்?

இது பிரெஞ்சுத் தொடர். அலுவல்களின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்பது நேர்ப்பொருள். எழுத்தில் ஆங்கில ‘சார்ஜ்’ போலவே தோன்றினாலும் உச்சரிப்பில் தொடக்க ஒலி ‘ஷ’கரமாக, ‘ஷார்ஜே தஃபேர்’ என்று வரும். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் இச்சொல் இரண்டு நிலைகளில் வருகிறது. ஒன்று, தூதரகத் தலைவர்களின் மூன்று வகுப்புகளில் கடைசி வகுப்பு. இவர் தாம் பணியாற்றச் செல்லும் நாட்டின் அயலுறவு அமைச்சரிடம் சான்றளித்து அனுப்பப்படுபவர். மற்றொன்று, தூதர் பதவி காலியாக இருக்கும்போதோ தூதரால் பணியாற்ற இயலாதபோதோ தற்காலிகமாகத் தலைமை ஏற்பவர்; செய்திகளில் பெரும்பாலும் குறிக்கப்படுபவர் இவரே. தமிழில் பொறுப்புத் தூதர் என்று எழுதலாம். பன்மையில் ‘எஸ்’ எழுத்து ‘சார்ஜே’யின் இறுதியில் சேருமே தவிர ‘தஃபேர்’ மாறாது.